சொல்லாமல் விட்ட கேள்வி

"அக்கரைக்காரரு மூச்சு விடாம அவ்வளவு நேரம் பேசினாரு, நீ ரெண்டே வரியில…"

"வேண்டியதைச் சொன்னேங்க. தம்பி நல்லபடியா…"

"எது வேணும்னு முடிவு பண்ண நீ யாருடி?"

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கணவனும் மனைவியும் அடிக்குரலில் மோதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க, இரு கரைக்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மொழி வேறு, சாமி வேறு. சந்தைக் கலவரத்துக்குப் பிறகு இன்றுதான் ஒரே கூரையின் கீழ் வந்திருக்கிறார்கள். வேன் ஓட்டப் போன கணவனின் தம்பி அக்கரையில் பிடிபட்டுக் கிடந்தான். அவனை மீட்கத்தான் இந்தப் பேச்சு. அக்கரையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட அவளுக்கு மட்டுமே இரண்டு மொழியும் தெரியும்; இரு பக்கப் பேச்சையும் மாற்றிச் சொல்வது அவள்தான்.

காலையிலிருந்து இரு பக்கத்து வசவுகளையும் அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். "திருட்டுக் கும்பல்" என்று ஒருவர் சொன்னால், "மனசு நொந்திருக்காங்க" என்று மாற்றிச் சொன்னாள். ஆனால், வசவோடு அக்கரைக்காரர்கள் கேட்ட ஒரு கேள்வியையும் விழுங்கியிருந்தாள். சந்தையில் அக்கரைத் தையல்காரரின் வலது கையை ஒடித்தது யார்? அன்று கணவன் இரும்புக் கம்பியோடு வீடு திரும்பியதை அவள் பார்த்திருந்தாள்.

"உன் ஜனத்துக்குப் பரிஞ்சுக்கிட்டுத்தானே மறைக்கிற?"

"என் ஜனமா? அங்க போனா அந்தக் கரைக்காரன் பொண்டாட்டி, இங்க வந்தா அக்கரைக்காரி. எனக்குன்னு ஒரு ஜனம் இருந்தா சொல்லுங்க, போய்ச் சேர்ந்துக்கறேன்."

"முழுசாச் சொல்லு. என் தம்பி உசுரு இது."

"யோசிச்சுத்தான் கேக்கறீங்களா?"

"வாடி உள்ளே."

உள்ளே போனதும், அதே சந்தேகத்தோடு அக்கரைப் படகுக்காரர் தம் மொழியில் கேட்டார்: "நீயே வடிகட்டினா நாங்க எதுக்கும்மா வந்தோம்?"

அவள் இரண்டு மொழியிலும் சொன்னாள்: "இனிமே கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கேட்டுட்டு யாரும் எழுந்து போகக்கூடாது."

விழுங்கிய வசவுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கணவனின் மாமா பெஞ்சு கிறீச்சிட எழுந்தார்.

"உக்காருங்க மாமா. நீங்க படகுக்காரரை நாய்னு திட்டினதையும்தான் சொல்லிட்டேன். அவரு உக்காந்துதானே இருக்காரு?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மாமா முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்.

அதுவரை வாய் திறக்காத தையல்காரர், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அவள் மற்றவர்களை விட்டுவிட்டுக் கணவனைப் பார்த்துத் திரும்பினாள்.

"தம்பியைக் கூட்டிட்டே வந்துட்டாங்களாம், பாலத்துக்கிட்ட நிக்கறாராம். நாம என்ன சொன்னாலும் அனுப்பிடுவாங்களாம். இவருக்கு நஷ்டஈடு வேண்டாமாம், போலீசும் வேண்டாமாம். பின்னாலேருந்து அடிச்சதால முகம் தெரியலையாம். அடிச்சவர் யாருன்னு தெரியாத வரைக்கும் இந்தக் கரையில ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்காம். அந்த ஒரு ஆள் யாருன்னு கேக்கறாரு."

கணவன் ஜன்னலைப் பார்த்தான்.

"காத்துக்கிட்டு இருக்காருங்க. நான் என்ன சொல்லட்டும்?"