அது என்ன கலர்?

எங்கள் மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, சிவப்பும் பிரவுனும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. இது தெரிந்தவர்கள் அவர், அக்கா, நான், அவ்வளவுதான். அக்கா அவருடைய சாக்ஸை ஜோடி சேர்த்து முடிச்சுப் போட்டு வைப்பாள். ஸ்னூக்கர் மேசையில் அவருக்குக் கலர் சொல்ல, கூட ஜோடியாக ஆடும் நான்.

மனுஷன் பார்க்கிற வேலையோ, தொழிற்சாலையில் கன்ட்ரோல் பேனலுக்கு ஒயர் மாட்டுவது. ஒவ்வொரு ஒயருக்கும் எண் போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைப்பார். இதுவரை ஒன்றுகூட மாறியதில்லை. ஆனால் நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை என்று இடையில் ஒரு விதி வந்தது. அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால் வேலை போச்சு.

நாட்டுக்கு ஒரு ஜோடி என்று நடக்கும் இந்தப் போட்டிக்கு எங்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்ததே அந்தக் கம்பெனிதான். அதனால் அதன் மேனேஜர் முன் வரிசையில் உட்கார்ந்து, சொந்தத் தம்பிகள் ஆடுவதுபோல் கை தட்டிக்கொண்டிருந்தார். அவர் கண் எதிரில்தான் மாமா நிறம் தப்பாமல் ஆட வேண்டும்.

காலிறுதி. ஆளுக்கு இரண்டு ஆட்டம் என்று சமமாகி, கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். இதில் ஜோடி சேர்ந்து ஆட வேண்டும். ஒரு அடி அவர், அடுத்த அடி நான். எங்கள் முறை தொடங்கும்முன் பேசிக்கொள்ளலாம். முதல் அடி விழுந்துவிட்டால் அந்த முறை முடியும்வரை பேச்சு மூச்சு கூடாது, ஜாடையும் கூடாது. அதனால் நான் முதலிலேயே மேசையைச் சொல்லிவிடுவேன், அவர் மனப்பாடம் செய்துகொள்வார். விதிக்கு உட்பட்ட வேலைதான்.

எதிராளிகள் புள்ளிகளில் வெகுதூரம் முன்னால் இருந்தார்கள். மிச்சமிருக்கும் பந்துகள் அத்தனையும் விழ வேண்டும். ஒரு சிவப்பு, அடுத்து வேறு நிறம் ஒன்று என்று மாறி மாறிப் போட வேண்டும்; அந்த வேறு நிறம் மேசைக்குத் திரும்பி வந்துவிடும், சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் அவை வரிசையாக உள்ளே போகும். ஒன்று தவறினாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சொல்லு மாப்ள."

"கருப்புக்குப் பக்கத்துல இருக்கிற சிவப்பு உங்களுக்கு. வலது ஓரத்துல ஜோடியா இருக்கிறது ரெண்டும் சிவப்பு. கொஞ்சம் தள்ளித் தனியா நிக்குது பாருங்க, அது பிரவுன். அந்தப் பக்கமே போகாதீங்க."

"தனியா நிக்கிறது பிரவுன். சரி."

சிவப்பைப் போட்டார். நான் கருப்பைப் போட்டேன். ஆனால் வெள்ளைப் பந்து நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. சனியன், உருண்டு போய் அந்த ஜோடியை இடித்தது. ஜோடி பிரவுனை இடித்தது. மூன்றும் கலைந்து, ஒன்று மட்டும் மூலைக் குழியின் வாயில் போய் நின்றது, ஊதினால் விழும்போல.

அதுதான் பிரவுன்.

மாமா அடுத்து சிவப்பைத்தான் அடிக்க வேண்டும். பிரவுனைத் தொட்டால் ஃபவுல், ஆட்டமே முடிந்தது. அவர் மேசையைச் சுற்றி வந்தார். மூன்று பந்துகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழி வாயில் நின்றதை நோக்கிக் குனிந்தார்.

 இருமினால்கூட ஜாடை என்பார்கள். கண்ணைப் பார்த்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று தரையைப் பார்த்தேன். 'மாமா, வேண்டாம், வேண்டாம்' என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அடி விழும் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் நிமிர்ந்திருந்தார். முன் வரிசையை ஒரு தரம் பார்த்தார். பிறகு நடுவரிடம் திரும்பினார்.

"சார், அந்த மூலையில நிக்கிறது என்ன கலர்?"

ஆட்டக்காரர் கேட்டால் நடுவர் சொல்லியாக வேண்டும், அது விதி. ஆனால் கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நடுவரின் மைக் வழியாகக் கேள்வி அரங்கம் முழுக்கக் கேட்டது.

"பிரவுன்," என்றார் நடுவர்.

மேனேஜரின் கை தட்டும் நிலையிலேயே நின்றுவிட்டது. மாமா திரும்பி, தூரத்தில் இருந்த சிவப்பை, யாருமே அடிக்கத் தயங்கும் கோணத்தில், குழிக்குள் அனுப்பினார்.

என் முறை. மேனேஜரின் நெற்றி சுருங்கியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒருவர் கேட்டால் அது குறை. இரண்டு பேரும் கேட்டால்?

நீலத்தைக் காட்டி, "சார், இது என்ன கலர்?" என்றேன்.

நடுவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீலம்."

போட்டேன். கடைசிச் சிவப்புக்கு மாமா கேட்டார். மறுபடி நீலத்துக்கு நான் கேட்டேன். மஞ்சளுக்கு அவர், பச்சைக்கு நான். அரங்கத்தில் சிரிப்பு கிளம்பியது. எதிராளிகள் எரிச்சலில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.  கடைசியில் கருப்பு ஒன்றுதான் மிச்சம்.

"சார், இது?"

"கருப்புதான் தம்பி," என்றார் நடுவர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போட்டேன். ஜெயித்தோம்.

மேனேஜர் ஓடி வந்து என் முதுகில் ஓங்கித் தட்டினார். "கலர் கலர்னு கேட்டே அவங்களைக் கடுப்பேத்திட்டீங்களே! யார் குடுத்த ஐடியா?"

தப்பித்தோம் என்று நினைத்தேன். "என்னோடதுதான் சார்," என்றேன்.

"இல்ல சார்," என்றார் மாமா. "எனக்கு நெஜமாவே தெரியாது. சிவப்பும் பிரவுனும் எனக்கு ஒண்ணுதான். என்னைக் காப்பாத்தணும்னு இவன் கூடச் சேர்ந்து கேட்டான்."

மேனேஜரின் கை என் முதுகிலிருந்து மெல்ல இறங்கியது. "ஒயர்?" என்றார்.

"எண் போட்டு, மீட்டர் வெச்சுப் பார்ப்பேன். வந்து பாருங்க."

"ஊருக்கு வாங்க, பேசலாம்," என்று அவர் போய்விட்டார். அந்தக் குரலில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மாமா, உங்களுக்குப் புத்தி இருக்கா? நான்தான் சமாளிச்சேன்ல? அக்காவுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுலேர்ந்து பயந்துக்கிட்டே இருந்துட்டேன் மாப்ள," என்றார். "கேட்டா சொல்றாங்கடா."