எரிமலை நிலையத்தில் பெண் பார்த்த கதை

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க எரிமலை அறிவியல் நிலையத்துக்கு வரச் சொன்னபோதே எனக்குத் தலை சுற்றியது. ஆற்றோரக் கோலசிலாங்கூரில் ஏது எரிமலை? வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் பார்க்க வேண்டியதுதானே! ஆனாலும் ஒத்துக்கொண்டேன். என் மகள் நித்தியா, "இதான்மா கடைசி. இதுவும் சரிப்படலன்னா என்னை விட்ருங்க," என்று சொல்லியிருந்தாள்.

தரகர் மாப்பிள்ளையின் படம்கூட அனுப்பவில்லை. "நீலச் சட்டை போட்டுக்கிட்டு அப்பா அம்மாவோட வருவாரு. அங்க பாத்துட்டு அப்படியே மின்மினி பாக்கப் படகுல போயிடலாம்லா," என்றார். நித்தியா அப்பாவுக்கு வேலை. நாங்கள் இருவர் மட்டும் எங்கள் ஊர் புக்கிட் பெருந்துங்கிலிருந்து கிளம்பினோம்.

வாசலில் நீலச் சட்டை, அப்பா, அம்மா. வணக்கம் சொன்னேன். அந்த அம்மாவும் கும்பிட்டார். நெற்றியில் பொட்டு இல்லை. வியர்வையில் அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க எந்த எஸ்டேட்டு?" என்று கேட்டேன். நம் ஆட்கள் முதலில் அதைத்தானே கேட்போம்! அவர் சொன்னது நான் பிறந்த தோட்டம். அதுவும் எங்கள் வீட்டு வரிசைக்குப் பக்கத்து லயம்! அப்புறம் பெயர் கேட்க யாருக்குத் தோன்றும்? தோட்டத்தில் எல்லாரையும் வேலை வாங்கிய பழைய மண்டோரைத் திட்டியே உறவாகிவிட்டோம்.

உள்ளே ஒரு பொம்மை மலை புகை கக்கியது. மலை புகைந்தால்கூடப் பரவாயில்லையாம், சும்மா இருந்தால்தான் பயப்பட வேண்டுமாம்; சுற்றிக் காட்டியவர் சொன்னார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நிலநடுக்க அறையில் தரை ஆடியதும் நான் முருகனைக் கூப்பிட்டேன். நித்தியாவும் அந்தப் பையனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முந்தைய இரண்டு மாப்பிள்ளைகளிடமும் வாயே திறக்காதவள்! எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அந்தி நேரத்தில் படகுத்துறைக்குப் போனோம். "பொண்ணு எங்களோட வரட்டும்," என்றார் அந்த அம்மா. ஒரு படகில் நால்வர்தான் ஏறலாம். ஏற்றிவிட்டு நான் அடுத்த படகுக்கு நின்றேன். படகு நகர்ந்தது.

"ஆன்ட்டி, நித்தியா அம்மாதானே? நான் கோகிலன். தரகர் சொன்னாருல்ல? ஜாம்ல மாட்டிக்கிட்டோம், சாரி."

திரும்பினேன். நீலச் சட்டை. அப்பா. பூத்தட்டோடு அம்மா.

அப்படியென்றால் படகில் இருப்பது யார்? ஐயோ, யாரோடு என் பெண்ணை அனுப்பிவிட்டேன்? மானம் போனால் போகட்டும் என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினேன்.

"நித்தியா! திரும்பி வாடி! அது மாப்பிள்ளை இல்லடி!"

"தெரியும்மா!" ஆற்றிலிருந்து அவள் குரல் வந்தது. "இவரு பேரு பெர்னாட்! உள்ளயே சொல்லிட்டாரு! தெரிஞ்சுதான் ஏறினேன்!"