மீன்வால் அச்சு யாருடையது

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கை தட்டுகிறார்கள். ஒருத்தன் மைக்கைப் பிடித்து "கேக்குதா?" என்றால் அதற்கும் தட்டல். கேட்டதற்கா, கேட்காததற்கா என்று தட்டுகிறவனுக்கே தெரியாது. அன்றைக்கு என் சகலைக்குத் தட்டினார்கள், ஒரு பொத்தானை அமுக்கியதற்கு.

நாங்கள் இரண்டு பேரும் கதவுக் கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிறவர்கள். அவன் என் மனைவியின் தங்கை புருஷன். கடை எனக்கு எதிர்வரிசை. அந்த இடத்தைப் பேசி முடித்துக் கொடுத்ததே நான்தான். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ. சட்டையில் அரை பாட்டில் சென்ட் கொட்டிக்கொண்டுதான் வெளியே வருவான். வீட்டில் நான் அவனைச் சென்ட் பாட்டில் என்றுதான் சொல்வேன். "உங்களுக்கு அவர் மேல வயித்தெரிச்சல்" என்பாள் என் மனைவி. எரிச்சல்தான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

விஷயம் இதுதான். இதுவரை சரக்கின் மதிப்பு என்ன என்று கிளியரிங் ஏஜென்ட் காகிதத்தில் எழுதுவாள், நான் கையெழுத்துப் போடுவேன். அடுத்த மாதத்திலிருந்து சுங்கத்துறைக்கு எல்லாம் கம்ப்யூட்டரில்தானாம். இறக்குமதி செய்கிறவனே தன் போனுக்கு வரும் நம்பரைப் போட்டு, கேள்விக்குப் பதில் சொல்லி, பொறுப்பேற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சரக்கு துறைமுகத்தை விட்டு அசையாது. என் கன்டெய்னர் கடலில் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் ஏஜென்ட் நடத்திய வகுப்புக்குப் போனேன். கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கையால் இல்லை.

சின்ன ஆபீஸ். ஏசி ஒழுகி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் பெரிய திரை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்களைப் போன்ற வியாபாரிகள். என் சகலை ஏற்கனவே வீட்டில் உட்கார்ந்து பழகிவிட்டானாம். அவனை முன்னால் கூப்பிட்டு, சோதனைக்கு ஒரு பதிவு போட்டுக் காட்டச் சொன்னாள் ஏஜென்ட். அமுக்கினான். பச்சை டிக் விழுந்தது. கை தட்டினார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். சரக்கு எப்படி இருக்கும் என்று காட்ட, அவனுடைய கைப்பிடி ஒன்றை எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். வெல்வெட் டப்பா. உள்ளே மீன்வால் கைப்பிடி.

என் மீன்வால். நான் பென்சிலால் வரைந்து, கட்டையில் செதுக்கி, காசு கொடுத்து இரும்பு அச்சு, அதாவது மோல்டு, அடித்து, அந்தத் தொழிற்சாலைக்குக் கப்பலில் அனுப்பியது. அச்சு என்னுடையது என்பதால் எனக்கு விலை குறைத்துப் போட்டார்கள். பிறகு இவன் அதே தொழிற்சாலைக்குப் போனான். அதே அச்சில் இவனுக்கும் வார்த்துக் கொடுத்தார்கள். இவன் செய்தது டப்பா ஒன்றுதான். இன்றைக்கு மார்க்கெட்டில் அதற்குப் பெயர் வெல்வெட் கைப்பிடி.

"டிசைனே தனி சார்" என்றார் பக்கத்திலிருந்த டைல்ஸ் கடைக்காரர், என்னிடமே.

பதிவில் வரும் கேள்விகளை ஏஜென்ட் ஒவ்வொன்றாக அவனிடம் கேட்டுக் காட்டினாள். "விலை போக, ஃபேக்டரிக்கு நீங்க ஏதாவது இலவசமா குடுத்திருக்கீங்களா? மோல்டு, டிசைன், அந்த மாதிரி?"

"நான் எதுவும் குடுக்கல மேடம்" என்றான் சகலை. "மோல்டு ஃபேக்டரியோடது."

எழுந்துவிட்டேன். "யாரோடது? டேய், அது என் மோல்டு! என் காசுல அடிச்சு நான் அனுப்புனது!"

எல்லோரும் திரும்பினார்கள். ஒருத்தரும் தட்டவில்லை. ஏஜென்ட் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஐயா, இத்தனை வருஷமா இதை எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேட்டீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கோம். 'ஒண்ணுமில்ல, சீக்கிரம் எழுதும்மா'ன்னுதான் சொல்லுவீங்க. மோல்டு உங்களுதுன்னா, அதோட மதிப்பையும் சரக்கு மதிப்போட சேர்க்கணும். அதுக்கும் வரி உண்டு. பழைய சரக்குக்கும் நாமளே போய்ச் சொல்லிக் கட்டுறது நல்லது."

டைல்ஸ்காரர் என் சட்டையை இழுத்தார். "வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களே அண்ணே. உக்காருங்க."

"அப்ப இவனுக்கு?" என்றேன்.

"அவர் மோல்டு குடுக்கலையே. அவருக்கு ஒண்ணும் கிடையாது" என்றாள் ஏஜென்ட்.

"என் அச்சுல வாத்ததுக்கு நான் கட்டணும், அவன் கட்ட வேணாம். இதுதான் உங்க சட்டமா?"

"ஆமாங்க ஐயா."

சகலை சிரித்தான். நல்லவன் மாதிரி சிரிப்பது அவனுக்குக் கைவந்த கலை. "அண்ணன் ஏதோ கோவத்துல சொல்லிட்டாரு மேடம். மோல்டு ஃபேக்டரியோடதுதான். என்ன அண்ணே?"

நான் தப்பிக்கக் கயிறு போடுகிறான். தலையை ஆட்டினால் வரி இல்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால், என் வாயாலேயே, மீன்வால் என்னுடையது இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் அது காலத்துக்கும் வெல்வெட் கைப்பிடிதான்.

"எது உண்மையோ அதைத்தான் போடணும்" என்றாள் ஏஜென்ட். "நீங்கதான் சொல்லணும் ஐயா."

அச்சு அடித்த ரசீது என் பர்ஸில்தான் இருந்தது. என்றைக்காவது இவன் மூஞ்சியில் விசிறியடிக்கலாம் என்று வைத்திருந்தேன். எடுத்து மேஜையில் போட்டேன்.

"என்னுதுன்னு போடும்மா."

"நான் போடக் கூடாது. நீங்கதான் அமுக்கணும்."

என் கன்டெய்னருக்கான பதிவைத் திறந்து வைத்தாள். அமுக்கினேன். எனக்கும் பச்சை டிக் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். டைல்ஸ்காரர் மட்டும் உச்சுக்கொட்டினார்.

"இனிமே மார்க்கெட்ல யார் வேணா இதுல தட்டிப் பாக்கலாம்ல? மோல்டு யாரோடதுன்னு?" என்று ஏஜென்டைக் கேட்டேன்.

"அய்யோ, இல்லங்க ஐயா. நீங்க சொன்னது ரகசியமா இருக்கும். உங்களையும் எங்களையும் சுங்கத்தையும் தவிர யாரும் பாக்க முடியாது."

"என் சகலை?"

"அவர் பாக்கவே முடியாது. கவலப்படாதீங்க."

என் கவலையே அதுதான் என்று இவளுக்கு எப்படிச் சொல்வது?

படி இறங்கினேன். பின்னாலேயே சென்ட் வாசனை வந்தது. "அண்ணே, கார்ல விட்டுடறேன் வாங்க" என்றான். காது கேட்காத மாதிரி நடந்தேன். டிக் பச்சையாகத்தான் விழுந்தது. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி உள்ளே அச்சை யார் பேரில் எழுதி வைத்திருக்கிறதோ, யார் கண்டது.