கீழ்வீட்டுப் பால்

என் மனைவி இறந்த பதினொன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரி மாடியேறி வந்தாள். ஆறுதல் சொல்ல வரவில்லை.

"உங்க குழந்தை கத்தற சத்தத்துல என் பிள்ளை தூங்க மாட்டேங்கறான்" என்றாள். "டப்பாப் பால் ஒத்துக்கலையாமே. எனக்கு மிச்சம் இருக்கு. குடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பாக்கலாம்" என்றேன்.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க. அது இளைச்சுக்கிட்டே இருக்கட்டும்."

இறங்கிப் போய்விட்டாள்.

அவளுக்கும் என் மனைவிக்கும் இரண்டு வருடமாக ஆகாது. எங்கள் துணி சொட்டி அவர்கள் கொடியில் காய்ந்த துணி நனைகிறது என்பது வழக்கு. என் மனைவி ஏழு மாதமாக இருந்தபோது, கீழிருந்து இவள் அண்ணாந்து பார்த்து, "பிழிஞ்சு போடக்கூட உடம்பு வணங்கலையோ" என்று கேட்டாள். அதுதான் அவள் என் மனைவியிடம் பேசிய கடைசி வார்த்தை. அன்று சாயங்காலம் முழுக்க என் மனைவி அழுதாள். நான் மறக்கவில்லை.

அவள் புருஷனுக்கு 'மைக்' என்று பெயர் வைத்தவளும் என் மனைவிதான். சபையில் ஒலிவாங்கி எந்தப் பக்கம் இருந்தாலும் அவர் கை அந்தப் பக்கம் நீளும். நாங்களும் அதே சபை. என் மனைவி இழுத்தால் நான் போவேன். இழுக்க ஆள் இல்லாமல் போனபின் போவதில்லை. கர்த்தர் மேல் கோபமா என்று போதகர் வந்து கேட்டார். கோபப்படக்கூடத் தெம்பில்லை என்றேன்.

நான் வேலை பார்ப்பது கட்டுமானச் சாமான்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில். காங்கிரீட் கட்டியை இயந்திரத்தில் வைத்து அது உடையும்வரை அழுத்த வேண்டும். எந்த அழுத்தத்தில் உடைந்தது என்ற எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மகளையும் அப்படித்தான் பார்த்தேன். முப்பத்துநாலாம் வாரத்தில் பிறந்தாள். ஆயிரத்து எழுநூற்று இருபது கிராம். டப்பாப் பால் குடித்தால் பாதி வெளியே வந்துவிடும், வயிறு தம்மென்று வீங்கிக்கொள்ளும். பதினொன்றாம் நாள் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு. நாளுக்கு இருபது கிராமாவது ஏற வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி மருத்துவமனையில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பெட்டியோடு வந்திருந்த என் அக்கா, என்னைக் கேட்காமல் டாக்டரைக் கேட்டாள். கொடுப்பவளுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார். மறுநாள் சாயங்காலம் அறிக்கை எங்கள் கதவுக்கடியில் கிடந்தது. டாக்டர் கேட்டதைவிட இரண்டு பரிசோதனை கூடுதலாக எடுத்திருந்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு மாடிப்படித் திருப்பத்து ஜன்னல் விளிம்பில் இரண்டு பாட்டில் இருக்கும். மாலையிலும் அப்படியே. பாட்டிலில் ஒட்டிய துண்டுத் தாளில் பால் எடுத்த நேரம் எழுதியிருக்கும். அக்கா அதை வெந்நீரில் நிறுத்தி, ஆறவைத்துக் கரண்டியால் ஊட்டுவாள். குழந்தை துப்பவில்லை. இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து என்று ஏறியது.

ஒருநாள் பாட்டிலை எடுக்க நானே இறங்கினேன். அவள் அப்போதுதான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்காக இதைச் செய்றீங்க?" என்றேன்.

"உங்களைப் பிடிச்சுப்போய் இல்ல."

"அது தெரியும்."

"உங்க சம்சாரத்தையும் எனக்குப் பிடிக்காது. செத்துட்டாங்கன்னு இப்ப மாத்திப் பேச எனக்கு வராது." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "பிரசவம் ஆகட்டும், குழந்தை பாக்கப் போற சாக்குல சமாதானம் ஆயிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போயிட்டாங்க. ஜெபத்துல உக்காந்தா கர்த்தர் இதையேதான் கேக்கறார். வாயால என்ன பதில் சொன்னாலும் எடுபடல."

"அப்ப இது பரிகாரம்."

"பரிகாரமோ, தண்டமோ. படிச்சவர்தானே, நீங்களே ஒரு பேர் வச்சுக்குங்க. பாட்டிலை ஒழுங்காக் கழுவிக் குடுங்க. ஓரத்துல பால் காஞ்சு கிடக்கு."

மனைவி போனபின் நான் கேட்ட நேர்மையான பேச்சு அது ஒன்றுதான். ஆனாலும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

பத்து நாள் இப்படிப் போனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்பவன் கைப்பேசியை நீட்டினான். "இது உன்னைப் பத்திதானே? பிரபலமாயிட்டேப்பா."

சபையின் ஞாயிறு ஆராதனை வீடியோ. சாட்சி சொல்லும் நேரம். மைக் மேடையில் நின்றார்.

"எங்க வீட்டுக்கு மேல ஒரு தம்பி இருக்கார். சம்சாரத்தைப் பறிகொடுத்தவர். கர்த்தர் மேல கோபம், சபைக்கு வர்றதில்ல. அந்தப் பிள்ளைக்கு இன்னைக்குப் பால் குடுக்கறது யாரு? என் மனைவி." கூட்டம் ஆமென் என்றது. "தினமும் காலையில எங்க மாடிப்படியில ஒரு வெளிச்சம் ஏறிப் போகுது. ஒருநாள் அந்தத் தம்பியும் இதே மேடையில நிப்பார், பாருங்க."

கேமரா பெண்கள் பக்கம் திரும்பியது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்திருந்தாள். போதகர் ஒலிவாங்கியை வாங்கி, நற்கிரியை என்றால் இதுதான் என்றார்.

"எத்தனை பேர் பாத்திருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஆயிரத்துச் சொச்சம்."

அன்று இரண்டு கட்டிகளின் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மேலே போகவில்லை. கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். மைக் திறந்தார். இடுப்பில் பிள்ளையோடு அவள் பின்னால் நின்றாள்.

"நாளைலருந்து பால் வேண்டாம்" என்றேன்.

மைக்குக்கு உடனே புரிந்துவிட்டது. "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. மகிமை எல்லாம் கர்த்தருக்கு."

"மகிமை அவருக்கு. விளம்பரத்துக்கு என் பிள்ளையா?"

"விளக்கை ஏத்தி யாராவது மூடி வைப்பாங்களா தம்பி?"

"உங்க விளக்கு எரிய என் வீட்டு எழவுதான் எண்ணெயா?"

அவர் வாயைத் திறந்தார். "நீங்க உள்ள போங்க" என்றாள் அவள். அவர் போகவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

"குழந்தைக்கு என்ன குடுப்பீங்க?"

"கடையில வேற டப்பா விக்குது."

"வாந்தி எடுக்கும்."

"எடுக்கட்டும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவள் இடுப்பிலிருந்த பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. கதவை அவளே சாத்தினாள்.

விலை கூடிய வேறொரு டப்பா வாங்கி வந்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தாளு மேல கோபம்னா அந்தாளு சட்டையைப் பிடி. பச்சப்பிள்ளை வாயில ஏன்டா மண்ணைப் போடற?"

"இதைக் குடு. எழுதியிருக்கற அளவுப்படி குடு."

"சரிங்க ஐயா."

அவள் சரி என்றதை நான் நம்பவில்லை. டப்பாவின் உள்பக்கத்தில் மாவு நின்ற மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ஒவ்வொரு நாள் மாலையும் பார்த்தேன். சொன்ன அளவுக்குச் சரியாக இறங்கியிருந்தது. ஜன்னல் விளிம்பில் பாட்டில் இல்லை. குழந்தை வாந்தி எடுக்கவில்லை. வயிறு வீங்கவில்லை. புது டப்பா ஒத்துக்கொண்டது என்று நினைத்தேன். ஒருவித வெறியோடு அதை நினைத்தேன். அவர்கள் தயவு எனக்கு வேண்டியதில்லை.

சனிக்கிழமை எடை பார்த்தார்கள். இரண்டாயிரத்து எண்பது. நர்ஸ் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தாள். "என்ன குடுக்கறீங்களோ அதையே குடுங்க" என்றார் டாக்டர். "மூணு கிலோ வரட்டும், அப்புறம் எதையும் மாத்தலாம்."

திரும்பி வந்தபோது கீழ்வீட்டுக்காரி மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா குழந்தையோடு எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போயிருக்கலாம்.

"ரெண்டு கிலோ எண்பது" என்றேன். "டப்பாப் பால்ல."

அவள் நிமிர்ந்தாள். "சந்தோஷம்."

"உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க. நாளைக்கு அந்த டப்பாவுக்கும் ஒரு சாட்சி சொல்லட்டும். உங்க வெளிச்சம் இல்லாமலும் இந்த வீட்ல பிள்ளை வளருது."

அவள் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "படி ஈரமா இருக்கு" என்றாள் அக்காவிடம். "பிள்ளையை வச்சுக்கிட்டு மெல்ல ஏறுங்க."

வீட்டுக்குள் வந்து, குழந்தையைக் கிடத்தி, கதவைத் தாழ் போடும்வரை அக்கா பேசவில்லை. பிறகு என் தலையில் ஓங்கித் தட்டினாள். எனக்கு முப்பத்தொரு வயது.

"யார்கிட்ட என்ன பேசிட்டு வர்றே தெரியுமா? ஒரு வாரமா இது குடிச்சது டப்பாப் பாலா?"

"கோடு இறங்கியிருக்கே."

"கோடு போட்டாராம் பெரிய இஞ்சினீயர். தினமும் அளந்து அளந்து சாக்கடையில கொட்டினேன்டா. பால் அந்தப் பொண்ணோடது. நீ வேலைக்குப் போனதும் நான் கீழ போவேன். அவ புருஷனுக்கும் தெரியாது. நிறுத்திட்டதா அவர்கிட்டச் சொல்லியிருக்கா. தெரிஞ்சா மறுபடி மேடையேறிடுவார், நீ மறுபடி குதிப்பேன்னு. குளிர்பெட்டியில காய்கறிப் பைக்குள்ள ஒளிச்சு வைக்கறா. உன்கிட்டச் சொல்ல மாட்டேன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினா."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இப்ப ஏன் சொல்றே?"

"நாளன்னைக்கு என் லீவு முடியுது. நான் போனப்புறம் யாருடா கீழ போய் வாங்குவா? அதோட," அக்காவின் குரல் இறங்கியது, "நீ பேசினதை வாங்கிக்கிட்டுத் துணியைப் பிழிஞ்சுட்டு நின்னா பாரு. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. என்ன பிறவிடா நீ?"

என்ன பிறவி என்று எனக்கும் தெரியவில்லை. படியில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் சுருண்டு விழுந்திருப்பேன். சொல்லவில்லை. நான் கேட்ட 'எதுக்காக' என்ற கேள்விக்கு அவள் அன்று வாயால் சொன்ன பதிலைவிட இது பெரிய பதில். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவமானமாக இருந்தது. மனைவி போனபின் எனக்கு உறைத்த முதல் விஷயம் இந்த அவமானம்தான்.

சாயங்காலம் காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மைக் கதவைத் திறந்தார். அவள் பாயில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் கையில் பாட்டிலைப் பார்த்ததும் அவள் கை நின்றது. நான் ரகசியத்தை உடைத்துவிடுவேன் என்று பயந்தாள். உண்மையைச் சொன்னால் ஒரு வாரமாகப் பொய் சொன்னவள் என்று அவர் முன்னால் அவள் நிற்க வேண்டியிருக்கும்.

"டப்பாப் பால் ஒத்துக்கல" என்றேன்.

"நான் அன்னைக்கே நினைச்சேன்" என்றார் மைக்.

அவள் என்னையே பார்த்தாள். "காலையில ரெண்டு கிலோன்னு படியில நின்னு கூவினீங்க."

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"ரோஷம்."

அவள் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"மறுபடியும் தரணும்" என்றேன். "மூணு கிலோ வர்ற வரைக்கும்."

மைக்கின் கைகள் இரண்டும் மேலே எழுந்தன. "பாத்தீங்களா தம்பி, கர்த்தர் எப்படித் திருப்பிக் கொண்டுவர்றார்னு!"

இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். "சொல்லிக்குங்க அண்ணே. நாளைக்கே மேடையில சொல்லிக்குங்க. வீறாப்பா வேண்டாம்னான், ஒரு வாரத்துல பாட்டிலைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னான்னு சொல்லுங்க. பால் மட்டும் நிக்கக் கூடாது."

"சொல்லித்தான் பாருங்களேன்" என்றாள் அவள். என்னிடம் இல்லை, அவரிடம். "மேடைப்பக்கம் போனீங்கன்னா அன்னைலருந்து நீங்களே பொங்கித் தின்னுங்க."

"அடி, நம்ம வெளிச்சத்தை நாலு பேர் பாத்தா..."

"இது எனக்கும் கர்த்தருக்கும் உள்ள பேச்சு. நடுவுல நீங்க எதுக்கு? அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும். கேமரா வேண்டாம்."

மைக் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. உள்ளே போய்விட்டார்.

அவள் எழுந்து வந்து பாட்டிலை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"நான் சபைக்கு வர மாட்டேன்" என்றேன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"யார் கூப்பிட்டா?"

சமையலறைக்குப் போய் நிறைந்த பாட்டில் ஒன்றோடு வந்தாள். குளிர்ச்சியாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வந்தது என்று மைக் கேட்கவில்லை. உள்ளறையில் அவர் பிள்ளையிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்.

"காலையில நீங்கதான் வருவீங்களா?" என்றாள் தணிந்த குரலில்.

"அக்கா நாளன்னைக்குப் போறா."

"ஊட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு மாசத்துல ஒரு தடவைகூட?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேலே வந்து அக்காவிடம் குழந்தையைக் கேட்டேன். என் மடியில் வைத்துக் கழுத்தை எப்படித் தாங்க வேண்டும் என்று காட்டினாள். பாலை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கினோம். முதல் கரண்டி முழுவதும் கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது கரண்டியில் பாதி உள்ளே போனது.