நிற்காத சர்வர்

உதிரிபாகம் விற்கும் எங்கள் கடையின் இணையதளம் மறுபடியும் படுத்துவிட்டது. அது அண்ணன் வைத்துவிட்டுப் போன சர்வர். புதுசாக எது வந்தாலும் உடனே இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஆபரேட்டிங் சிஸ்டம். அப்டேட் வந்தால் ஏதாவது ஒன்று புட்டுக்கொள்ளும். அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வெளியூர் போன அண்ணனும் அப்படித்தான். புதுசு என்றால் விடமாட்டான்.

சர்வர் நின்றால் அவனைக் கூப்பிடுவேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, அவன் சொல்லச் சொல்லத் தட்டுவேன். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு என் மேஜையருகே போல்ட்டுகளைத் தரம் பிரிக்கும் வேலை வந்துவிடும். வாயே திறக்கமாட்டார். நடுவில் அண்ணன் இருமினால் மட்டும் கை ஒரு கணம் நிற்கும்.

இந்த முறை அப்பா பொறுமை இழந்துவிட்டார். “எத்தனை தடவை அவனைத் தொந்தரவு பண்றது? நிக்காம ஓடுறதா ஒண்ணு பாரும்மா.”

பார்த்தேன். இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் தேறின. ஒன்றில் வசதிகள் புதுசு, ஆனால் திருத்தங்கள் சில மாதம்தான் வரும். இன்னொன்றில் எல்லாமே கொஞ்சம் பழசு. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் பல வருஷம் தானாக வரும், வேறெதையும் கலைக்காது. கடைக்கு அதுதான் சரி. தெரிந்தும் பழையதை அழிக்கக் கை வரவில்லை. இனி எதைச் சொல்லி அண்ணனைக் கூப்பிடுவது?

ஆர்டர் போட முடியாமல் திட்டிய வாடிக்கையாளர்களை நினைத்துக்கொண்டு மாற்றிவிட்டேன்.

அதன்பின் சர்வர் நிற்கவே இல்லை. அப்பா மட்டும் அவ்வப்போது டப்பாவோடு வந்து, பிரித்ததையே பிரித்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கு ஒண்ணுமே ஆகலையாம்மா?”

“ஆகாதுப்பா. நீங்க கேட்டது அதைத்தானே?”

தலையாட்டினார். எழுந்து போகவில்லை.

நான் அண்ணனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“சொல்லு, எது புட்டுக்கிச்சு?”

“ஒண்ணுமில்லண்ணா. எல்லாம் நல்லா ஓடுது.”

“அப்புறம் ஏன் போல்ட் சத்தம் கேக்குது?” என்றான்.

அப்பாவின் கை டப்பாவுக்குள்ளேயே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை.

“புது சிஸ்டம் போட்டிருக்கா,” என்றார், போல்ட்டுகளிடம் சொல்வதுபோல. “நீ ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டா தேவல.”