ஒரு வெட்டு கூட இல்லை

கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணத்துல போடலாமான்னு எனக்கு மூணு வாரமா ஆத்திரம். பள்ளிக்கூடப் பாடங்களை வாசிச்சு, பதிவு பண்ணி சென்னைக்கு அனுப்புறது என் வேலை. காரைக்கால் பக்கத்துப் போலகத்துல எங்க வீட்டுப் பின்ரூம்தான் ஸ்டூடியோ. சுவத்துல பழைய மெத்தை, மேசையில மைக், மைக்கைக் கம்ப்யூட்டரோட சேக்குற ஒரு சின்னப் பொட்டி, அவ்வளவுதான். ஆறு மணிக்கு மேல கீழவாஞ்சூர் நிலக்கரி லாரிங்க ஓட ஆரம்பிச்சுடும். அதனால விடியக்காலை நாலரைக்கே உக்காந்துடுவேன்.

"தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு"ன்னு வாசிச்சுக்கிட்டு இருப்பேன். பொட்டியில பச்சை லைட் ஒரு தடவை கண்ணடிக்கும். போட்டுக் கேட்டா அந்த இடத்துல ஒண்ணுமே இருக்காது, ஒரே வெட்டு, அப்புறம் "தயாரிக்கின்றன"ன்னு வந்து நிக்கும். என்னத்தைத் தயாரிக்குது, என் தலையை!

காரைக்கால்ல சவுண்ட் செட் வச்சிருக்கிற ஹரிஹரனுக்கு தினம் போன் பண்ணுவேன். "கம்ப்யூட்டர் செட்டிங்ல பஃபரை ஏத்துங்கக்கா"ன்னான், ஏத்தினேன். வைஃபையை அணைக்கச் சொன்னான், அணைச்சேன். கேபிள் புதுசு வாங்கி மாட்டினேன். வெட்டு மட்டும் நிக்கல. சென்னைக்காரங்க ரெண்டு பாடத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

"நீ மூச்சு விடாம பேசுறியா, பொட்டி பயந்து போய் நிக்குது"ன்னு என் வீட்டுக்காரர் ராஜ்மோகன் கிண்டல் பண்ணுவார். அவருக்கு காரைக்கால்ல ஆபீஸ் வேலை. காலையும் சாயங்காலமும் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒன்றரை ஏக்கர்தான் அவருக்கு உலகம். குறுவை போட்டிருந்தார், எலித் தொல்லைன்னு புலம்பிக்கிட்டே இருந்தார். அந்த மூணு வாரத்துலதான் இன்னொண்ணும் சொன்னார். மேல வரப்புல நல்ல பாம்பு படமெடுத்து நின்னுச்சாம், ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக் கூடாதாம். வீட்டுல மட்டும் இல்ல, தெரு பூரா சொல்லி வச்சார்.

அவர் தங்கச்சி அல்லி எங்களோடதான் இருக்கா. முப்பத்தொண்ணு ஆயிடுச்சு, வர்ற வரனெல்லாம் தட்டிக்கிட்டே போகுது. ஜோசியர் நாக தோஷம்னுட்டார். பாவம், போகாத கோயில் இல்ல. பாம்புன்னு அண்ணன் சொன்னதும் நாங்கல்லாம் பயந்தோம், அவ மட்டும் கையெடுத்துக் கும்பிட்டா.

புதன்கிழமை விடியக்காலை என் ரூம் கதவைத் திறந்து எட்டிப் பாத்தா. "அண்ணி, அண்ணன் பாத்தது எந்த இடத்துல?"

ஹெட்போனை ஒரு காதுலேருந்து மட்டும் தள்ளி, "வேப்பமரத்துக்கிட்டயாம். ஏன்டி?"ன்னேன்.

"சும்மாதான் அண்ணி."

அந்த நேரம் பாத்து பச்சை லைட் கண்ணடிச்சுது. "நாசமாப் போக!"ன்னு பொட்டியைப் பாத்துக் கத்தினேன். அல்லி சிரிச்சுக்கிட்டே கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. அவ ஏன் கேட்டான்னு நான் யோசிக்கவே இல்ல.

வெட்டு வர்ற நேரத்தைக் குறிச்சு வைக்கச் சொல்லியிருந்தான் ஹரி. வியாழக்கிழமை குறிச்சேன். மொத்தம் ஆறு. கடைசி வெட்டு அஞ்சு நாப்பத்தொண்ணுக்கு. லாரிச் சத்தத்தோடயே ஆறு மணிக்கு மேலயும் ஓட விட்டுப் பாத்தேன், ஒண்ணு கூட இல்ல.

"இது கம்ப்யூட்டர் கோளாறே இல்லக்கா. உங்க ரூம் லைன்லேருந்து வேற ஏதோ கரண்டை இழுக்குது. வெளிய போய்ப் பாருங்க"ன்னான்.

போய்ப் பாத்தேன். வெளிச்சுவத்துல தண்ணி மோட்டாருக்குன்னு போட்ட பிளக், அதுக்குக் கீழ நான் பாத்தே இராத ஒரு வயர் சுருட்டிக் கிடந்துச்சு. அதோட மறு நுனி வாழைக்கு நடுவுல புகுந்து வயலுக்குப் போச்சு. மேல வரப்போரமா குச்சி குச்சியா நட்டு, கணுக்கால் உசரத்துக்கு மொட்டைக் கம்பி. கம்பிக்குக் கீழ ஒரு எலி, வாயைப் பொளந்துக்கிட்டு. நாலு எட்டு தள்ளி இன்னொண்ணு. எண்ணிக்கிட்டே போனேன். ஆறு. கையிலிருந்த சீட்டைப் பாத்தேன். அதுலயும் ஆறு.

மூணு வாரமா ஒவ்வொரு உசுரு போறதையும் காதுல மாட்டிக் கேட்டுக்கிட்டு, பஃபரைத் திட்டியிருக்கேன்.

வீட்டுக்கு வந்து அவரைப் பிடிச்சுக்கிட்டேன். "ஆளு மிதிச்சா என்னங்க ஆகும்?"

"யாரு போறா அங்க? அதுக்குத்தானே பாம்புன்னு சொல்லி வச்சேன்."

"அப்ப பாம்பே இல்லையா?"

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல"ன்னு சிரிச்சார். "கதிர் பால் பிடிக்கிற நேரம். பாதியை எலி வெட்டிடுச்சு, நான் வேற என்ன பண்றது?"

"இப்ப கழட்டுறீங்களா, இல்ல தெருவுல நின்னு கத்தட்டுமா?"

"கத்தித் தொலைக்காத. இன்னிக்கே கழட்டிடுறேன்."

சாயங்காலம் போய்ப் பாத்தேன், சுவத்துல வயர் இல்ல. நம்பிட்டேன். வரப்பு வரைக்கும் போயிருக்கணும், போகல. அல்லிகிட்ட பாம்பு பொய்யின்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா ஏன்னு கேப்பா, அண்ணனோட மானம் போயிடும். அதான் கழட்டியாச்சே, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன்.

மறுநாள் ஆடி கடைசி வெள்ளி. நாலரைக்கு உக்காந்தேன். ஒரு பாடம் முடிஞ்சுது, ரெண்டாவதும் முடிஞ்சுது. பச்சை லைட் அசையவே இல்ல. எனக்கு அவ்வளவு சந்தோஷம். "ஒரு வெட்டு கூட இல்லடா தம்பி!"ன்னு ஹரிக்கு மெசேஜ் போட்டுட்டு, பதிவை ஓட விட்டுக் கேட்டேன்.

அவர் பல் விளக்கிக்கிட்டே வந்து எட்டிப் பாத்தார். "என்ன, பொட்டி இப்ப சமத்தா இருக்கா? கம்பியை வயல் மோட்டார் கொட்டகை லைனுக்கு மாத்திட்டேன். உனக்கும் தொல்லை இல்ல, எனக்கும் தொல்லை இல்ல."

"மாத்தினீங்களா? கழட்டலையா?"

"இன்னும் பத்து நாள்தான் சிவப்ரியா."

"இப்ப ஓடுதா?"

"ஆறு மணிக்குத்தானே நிறுத்துவேன்."

ஹெட்போன்ல என் குரல் அது பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு அடியில, தூரத்துல, கொல்லைக் கதவு தாழ்ப்பாள் விலகுற சத்தம். அப்புறம் கொலுசு. மணியைப் பாத்தேன், அது அரை மணி நேரத்துக்கு முந்தினது.

அடுப்படிக்கு ஓடினேன். பால் பாக்கெட் நறுக்கிக் கிடந்துச்சு. செம்பைக் காணோம். மஞ்சள் டப்பா திறந்திருந்துச்சு. முட்டை தட்டுல ரெண்டு குறைஞ்சிருந்துச்சு.

"என்னங்க, அல்லி பாம்புக்குப் பால் ஊத்தப் போயிருக்கா!"

அவர் வாயில நுரையோட கொட்டகைக்கு ஓடினார். நான் வரப்புக்கு ஓடினேன். அல்லி வேப்பமரத்தடியில குப்புறக் கிடந்தா, தலைக்குக் குளிச்ச ஈரம் கூடக் காயல. பக்கத்துல செம்பு கவுந்து, வாய்க்கால் தண்ணியில பால் கலங்கி நின்னுச்சு. கம்பியில கரண்டை நிறுத்துற வரைக்கும் அவளைத் தொட முடியாம, அவ பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு நின்னேன். நிறுத்தின அப்புறம் தொட்டேன். சில்லுன்னு இருந்தா.

அந்தப் பதிவு இன்னும் என்கிட்ட இருக்கு. முதல்லேருந்து கடைசி வரைக்கும் எத்தனையோ தடவை கேட்டுட்டேன். ஒவ்வொரு எலிக்கும் நின்னு காட்டின பொட்டி, எங்க அல்லி போனப்ப ஒரு நொடி கூட நிக்கல.