ஆறாத சூடு

"யம்மா, கையை விடு. குளிப்பாட்ட வந்துட்டாங்க."

ஸுலைகா விடவில்லை. மகன் லுத்ஃபியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். "நீதானேடி சொன்னே, உசிரு இருக்குன்னு?"

கேட்டது மகள் வஹீபாவை. அவள்தான் சொன்னாள். மத்தியானம் குஸ்குஸ் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் வகுப்பில் நடத்திய பாடத்தை அவள் சொல்லிக்கொண்டிருக்க, தம்பி வழக்கம்போலக் கேலி செய்தான். "அணைஞ்ச நட்சத்திரம் சுட்டா உனக்கென்ன அக்கா? உன் டீ ஆறிப்போவுது, அதைப் பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தவன் பாதிச் சிரிப்பில் சாய்ந்தான். காய்ச்சல் என்றுகூட ஒருநாள் படுத்தவனில்லை. டாக்டர் வந்து, மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய பிறகு அவள் தம்பியின் கழுத்தில் கை வைத்தாள். சுட்டது.

"யம்மா! சூடா இருக்கான்! உசிரு இருக்கு!" என்று தெருவுக்கே கேட்க அலறினாள். பாதி வழியில் போன டாக்டரை மறுபடி இழுத்துவந்தார்கள். அவர் பார்த்துவிட்டு இல்லையென்று தலையசைத்தார், அவ்வளவுதான்.

அலறியது யார்? கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு விண்மீனும் வெப்பமும் சொல்லிக்கொடுக்கிறவள். சூடு எப்போதும் கூடுதலான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும் என்று பலகையில் எழுதிப் போட்டவள். சஹாரா பாலைவனத்து அத்ராரில் ஜூலை மாதம். மின்சாரம் வேறு காலையிலேயே போய்விட்டது. அறை லுத்ஃபியைவிடக் கொதித்தது. அவன் உடம்புச் சூடு போவதற்கு எங்கே இடம்? என் புத்தி எங்கே போச்சு என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

வாசலில் மெஸ்ஊத் மாமா செருமினார். "இந்த வெயில்ல வச்சிருக்க முடியாதும்மா. பொழுது சாயறதுக்குள்ள அடக்கியாகணும். நாங்க சொன்னா எங்கக்கா கேக்க மாட்டேங்குது. இருக்குன்னு சொன்னவ நீ. நீயே இல்லைன்னு சொல்லு."

வஹீபா அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். "யம்மா, சில நட்சத்திரத்துக்கு உள்ளே நெருப்பு அணைஞ்சே போயிடும். அப்புறமும் ரொம்ப காலம் சுட்டுக்கிட்டே இருக்கும். சுடுதுங்கறதால..."

"எம்புள்ளை நட்சத்திரமாடி?"

படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு ஆகாமல் போனதே என்று வஹீபாவுக்கு அழுகை முட்டியது. அம்மாவின் ஒரு கையை மெல்லப் பிரித்தெடுத்து, பின்னாலிருந்த மண்சுவரில் வைத்து அழுத்தினாள்.

"சுடுதா?"

ஸுலைகா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"இவனைவிடச் சுடுதுல்ல? சொல்லும்மா. சுவருக்கு உசிரு இருக்கா?"

ஸுலைகா சுவரைத் தொட்டாள். மகனைத் தொட்டாள். திரும்பவும் சுவரைத் தொட்டாள். "உனக்கு இரக்கமே இல்லையாடி பாவி" என்றாள். லுத்ஃபியின் கை அவள் மடியிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. மாமா கண்ணைக் காட்ட, ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

முற்றத்தில் துணி மறைப்புக்குப் பின்னால், மண்ஜாடித் தண்ணீரில் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்துப் பெண்களைக் கூப்பிட்டார்கள். தாடியில் இன்னும் ஈரம் இருந்தது. ஸுலைகா குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஜில்லுன்னு இருக்கான்."

மறுபடி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"குளிருதுடி அவனுக்கு. தண்ணியை ஊத்தி நடுங்க வச்சுட்டாங்க. போர்வை கொண்டுவா."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும் என்பது வஹீபாவுக்குத் தெரியும். இந்த முறை அதைச் சொல்லாமல் உள்ளே போனாள். ஜனவரிக் குளிருக்கென்று மடித்து வைத்திருந்த கம்பளியைப் பெட்டியிலிருந்து உருவி, வெயில் தகித்த முற்றத்துக்கு எடுத்து வந்து தம்பிமேல் போர்த்தினாள். கால்மாட்டில் காற்றுப் புகாதபடி இரண்டு பக்கமும் மடித்துச் செருகினாள்.